பதிவேட்டில் ஓர் ஆண் கிளி

இந்தக் கதையை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. படிவத்தின் எண் பதினேழா பத்தொன்பதா, துணை இயக்குநர் பேசியது முக்கால் மணி நேரமா அல்லது கேட்டவர்களுக்கு அப்படித் தோன்றியதா, இப்படிச் சில இடங்களில் தடுமாறுகிறேன். கண்ணாடிக்காரர் ஒரு விதமாகச் சொல்கிறார். அலுவலகக் கோப்பில் வேறு விதமாக இருக்கிறது. இரண்டும் மோதும் இடங்களில் கோப்பை நம்பும்படி எனக்குச் சொல்லப்பட்டது. ஆனால் கோப்பின்படி பார்த்தால் இந்தக் கதையில் இரண்டு கிளிகள் வரவேண்டும். நான் ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடிக்காரர் என்று நான் சொல்வது மூக்குக் கண்ணாடி செய்து கொடுப்பவரை. தெருத் திருப்பத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே அவர் கடை. ஒருவர் உட்கார, இருவர் நின்று காத்திருக்க இடமுண்டு. எழுத்துப் பலகைக்கு முன்னால் ஆளை உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல நல்லா தெரியுதா, இல்ல இதுலயா?" என்று கேட்டே முப்பது வருஷம் ஓட்டிவிட்டார். தனக்கு என்ன தெரிகிறது என்பதை அவரவரே சொல்லட்டும் என்று காத்திருந்து பழகியவர். யாரையும் எதிர்த்துப் பேசி அறியாதவர்.

அவர் மனைவியை ஊரே டீச்சர் என்று கூப்பிட்டது. கண்ணாடிக்காரரும் அப்படியேதான் கூப்பிட்டார். கணக்கு டீச்சர். அவர் ஒரு வகுப்பில் வாய்ப்பாடு நடத்தினால் பக்கத்து இரண்டு வகுப்புகளுக்கும் மனப்பாடம் ஆகிவிடும் என்பார்கள்; அப்படி ஒரு குரல். ஓய்வு பெற்ற மறு வருஷம் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. இப்போது உதடு அசையும், சத்தம் வராது. ஒரு கோடு போட்ட நோட்டில், சிவப்பு மையில், முற்றுப்புள்ளி தவறாமல் எழுதிக் காட்டுவார். வேறு நிறத்தில் எழுதி அவருக்குப் பழக்கமில்லை.

குரலை முன்கூட்டியே பதிவு செய்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே இருப்பவரின் குரலை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்? அது கிளியிடம் மட்டும் இருந்தது.

கிளியின் பெயர் வாயாடி. ஏழு வருஷத்துக்கு முன்னால் சமையலறை ஜன்னல் வழியாகத் தானாக வந்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. பிறகு போகவில்லை. பதினோரு வாக்கியம் பேசும். பதினொன்றும் டீச்சருடையவை, டீச்சரின் பழைய குரலிலேயே. "ஏங்க, கதவைச் சாத்துனீங்களா?" என்று கேட்கும். "ஒம்பதேழு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். "போதும், போங்க" என்று சொல்லி, கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பும் சிரிக்கும். அந்தச் சிரிப்பு உட்பட அப்படியே டீச்சர்.

"மழை வருது, துணியை எடுங்க" என்று கிளி சொன்னால், வானம் பளிச்சென்று இருந்தாலும் கண்ணாடிக்காரர் எழுந்து மாடிக்குப் போவார். திரும்பி வந்தால் நோட்டு நீளும்: "வெயில் அடிக்கிறது. எங்கே போனீர்கள்?"

"சும்மா. கொடியைப் பாத்துட்டு வந்தேன்."

அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

இந்த நிலையில்தான் வளர்ப்புப் பறவைகள் பாலினப் பதிவு வாரியம் அறிவிப்பு ஒட்டியது. வீட்டில் வளரும் ஒவ்வொரு பறவையும் ஒரு மாதத்துக்குள் ஆணா பெண்ணா என்று பதியப்பட வேண்டும். பதியாத பறவைகள் அரசுக் காப்பகத்துக்கு எடுத்துச் செல்லப்படும். இந்த வாரியம் எதற்காக ஏற்பட்டது என்று அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் தெரியாது. ஆனால் ஏற்பட்டுவிட்டது, நான்கு மாடிக் கட்டடம், ஒவ்வொரு மாடியிலும் தண்ணீர்ப் பானை, எல்லாம் வந்துவிட்டது. இனிப் போய்க் காரணம் கேட்பது நன்றாக இருக்காது.

கண்ணாடிக்காரர் கிளியைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு மூன்றாம் கவுண்டருக்குப் போனார். கவுண்டர்காரர் தலை நிமிராமல் கேட்டார்.

"பேரு?"

"வாயாடிங்க."

"உங்க பேரு சார்."

சொன்னார். கவுண்டர்காரரின் பேனா கீழே இறங்கி ஒரு கட்டத்தில் நின்றது.

"இங்க ஆணா பெண்ணான்னு போடல?"

"தெரியலைங்க. அதான் காலியா விட்டுட்டேன்."

"சார், இது பாலினப் பதிவு வாரியம். பாலினத்தையே காலியா விட்டா நாங்க எதைப் பதியறது?"

"நீங்க பாத்துச் சொல்வீங்கன்னு நெனச்சேன்."

"நாங்க பதியறவங்க சார். பாக்கறவங்க இல்ல." சொல்லிவிட்டுக் கையேட்டைப் புரட்டினார். "பாலினம் அறியப்படாத கிளிகள். இணைப்பு நாலு. பேசுமா?"

"பேசும். பதினோரு வாக்கியம்."

"தெளிவா?"

"ரொம்பத் தெளிவா."

"அப்ப ஆண்." முத்திரை விழுந்தது.

"பெண் கிளி பேசாதுங்களா?"

"பேசலாம். ஆனா இணைப்பு நாலுல வராது."

அப்போது கூண்டிலிருந்து, "ஒம்பதேழு எவ்வளவு?" என்று ஒரு குரல் அதட்டியது. கவுண்டர்காரர் திடுக்கிட்டு எழுந்து, கண்ணாடிக்காரரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா அது? தகவல் கேக்கற இடம் ரெண்டாவது மாடி."

சான்றிதழ் அன்றைக்கே கிடைத்தது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. வீட்டுக்கு வந்ததும் டீச்சர் அதை வாங்கி, கண்ணுக்கு அருகே வைத்து வாசித்தார். பிறகு கூண்டுக்கு முன்னால் போய் நின்று கிளியின் கழுத்தைப் பார்த்தார். பள்ளி நூலகத்தில் இருந்த ஒரு படப் புத்தகம் அவருக்கு நினைவிருந்தது. ஆண் கிளிக்கு மூன்று வயதுக்குள் கழுத்தைச் சுற்றி வளையம் விழுந்துவிடும். இதற்கு ஏழு வயதாவது இருக்கும். கழுத்து முழுப் பச்சை.

டீச்சர் பேனாவை எடுத்தார். சான்றிதழில் 'ஆண்' என்ற இடத்தைச் சுழித்து அடித்து, மேலே 'பெண்' என்று எழுதினார். ஓரத்தில், "வளையம் இல்லை. கவனிக்கவும்" என்று குறித்தார். மற்றதெல்லாம் சரியாக இருந்ததால் கடைசியில் கோடு போட்டுப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண்ணும் கொடுத்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது.

கண்ணாடிக்காரர் பதறினார். "என்ன டீச்சர், இதுல போய் எழுதிட்டீங்களே! அவங்க ஆணுன்னு எழுதினா எழுதிட்டுப் போறாங்க. நம்ம வாயாடி மாறிடவா போகுது?"

நோட்டு நீண்டது: "தவறு தவறுதான். சான்றிதழின் பின்புறம் பாருங்கள். பிழை இருந்தால் முப்பது நாளில் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. தெரிவித்து வாருங்கள்."

இருந்தது. சிறிய எழுத்தில், ஆனால் இருந்தது. அவர் ஊரார் எல்லோருக்கும் சிறிய எழுத்தை வாசிக்கவைத்துப் பிழைப்பவர்; தானே வாசிக்காமல் இருந்தது அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் சான்றிதழை வாங்கிப் பார்த்த கவுண்டர்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அதை இரு கையாலும் ஏந்திக்கொண்டு, கண்ணாடிக்காரரையும் கூண்டையும் துணை இயக்குநர் அறைக்குக் கூட்டிப்போனார்.

துணை இயக்குநர் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். அவருடைய கண்ணாடி எண் குறைந்தது இரண்டு வருஷம் பழையது என்று கண்ணாடிக்காரருக்குத் தெரிந்தது. சொல்வதற்கு அது நேரமில்லை.

"வாரியத்துக்கு மார்க் போட்டது யாரு?"

"என் வீட்டுக்காரிங்க ஐயா. கணக்கு டீச்சரா இருந்தாங்க. தெரியாம..."

"ஒரு மார்க் எதுக்குக் கொறஞ்சிருக்கு?"

"கிளி பெண்ணாம் ஐயா. கழுத்துல வளையம் இல்லையாம்."

"போன வருஷம் மேலிடத்துல இருந்து ஒரு குழு வந்து மூணு நாள் இங்க சோதனை போட்டாங்க. ஒரு பிழை கண்டுபிடிக்க முடியல அவங்களால. ஏன் தெரியுமா? நாங்க பறவையைத் தொடறதே இல்ல. தொட்டாத்தானே பிழை வரும்?" சற்றுத் தணிந்து, "இருந்தாலும் அம்மா ஒரு டீச்சர். கேட்டுட்டா பதில் சொல்லணும். மருத்துவர்கிட்ட காட்டிட்டு வாங்க" என்றார்.

பறவை மருத்துவர் தாழ்வாரக் கடைசியில் இருந்தார். கதவைத் திறந்ததும் மேசைக்குப் பின்னாலிருந்தே சொல்லிவிட்டார்.

"பெண்ணு. வளையம் இல்ல பாருங்க. இதுக்கா வந்தீங்க?"

"ஆமாங்க. எழுதித் தரணுமாம்."

மருத்துவர் கூண்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு கிளியை ஆசையாகப் பார்த்தார். "பன்னெண்டு வருஷமா இங்க இருக்கேன். எல்லாரும் படிவத்தைத்தான் கொண்டுவந்து காட்டுவாங்க. பறவையைக் காட்டுற முதல் ஆள் நீங்கதான்." எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஊதி ஊதிக் காயவைத்துக் கொடுத்தார்.

இனி எல்லாம் முடிந்தது என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். துணை இயக்குநர் இரண்டு காகிதங்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளிம்புகளைச் சேர்த்துச் சரிபார்த்தார்.

"இது எங்க கவுண்டர் கொடுத்தது. ஆண். இது எங்க மருத்துவர் கொடுத்தது. பெண். ரெண்டுலயும் ஒரே முத்திரை. சரிதானே?"

"சரிங்க ஐயா."

"இந்த முத்திரை விழுந்த காகிதம் தப்பா இருக்க முடியாது. அதனால ரெண்டுமே சரி. அப்படின்னா என்ன அர்த்தம்?"

கண்ணாடிக்காரர் யோசித்தார். எதிரே இருப்பவருக்கு என்ன தெரிகிறதோ அதை அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"உங்ககிட்ட ரெண்டு கிளி இருக்குன்னு அர்த்தம். ஒண்ணு பதிவான ஆண். இன்னொண்ணு பதியாத பெண். பதிவான ஆணைக் காட்டாம, பதியாத பெண்ணைக் கொண்டுவந்து காட்டுறீங்க. அந்த ஆண் எங்க சார்?"

"இதுதாங்க ஐயா அது."

"இது பெண்ணுன்னு நீங்கதானே சொல்றீங்க?"

மறுவாரம் கவுண்டர்காரர் வீட்டைச் சோதனையிட வந்தார். தயங்கித் தயங்கித்தான் வந்தார். செருப்பை வாசலில் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். துணி மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். டீச்சரின் பழைய விடைத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் விளக்கு அடித்துப் பார்த்தார். கடைசியில் கூண்டுக்கு வந்தார். கூண்டின் தரையில், பழத் தோலுக்கும் விதைக்கூளத்துக்கும் நடுவில், வெள்ளையாக ஒரு முட்டை கிடந்தது.

அது அன்று காலைதான் வந்திருக்க வேண்டும். வீட்டார் இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள். டீச்சர் முகம் மலர்ந்து, கணவரின் தோளைத் தட்டி, முட்டையைக் காட்டி, ஒரு விரலால் காற்றில் சரிக் குறி போட்டார். ஆதாரம் கிடைத்துவிட்டது.

"பாத்தீங்களா! முட்டை போட்டிருக்கு. பெண்ணேதான்" என்றார் கண்ணாடிக்காரர்.

கவுண்டர்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது சரி சார். அப்பா எங்க?"

"எந்த அப்பா?"

"முட்டைக்கு. அப்ப அவர் இங்கதான் எங்கயோ இருக்கார்." பீரோவின் பக்கம் திரும்பி, "பயப்படாம வெளிய வரச் சொல்லுங்க. பதிவானவர். அவர்மேல ஒண்ணும் குத்தம் கிடையாது" என்றார்.

டீச்சர் வேகமாக எழுதினார்: "ஆண் துணை இல்லாமலும் பெண் கிளி முட்டையிடும். அந்த முட்டை பொரிக்காது. இது ஆறாம் வகுப்புப் பாடம்."

கவுண்டர்காரர் வாசித்துவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தார். "இருக்கலாம்மா. ஆனா அனுமதியில்லாம இனப்பெருக்கம்னு ஒரு படிவம்தான் எங்ககிட்ட இருக்கு. தனியா போட்ட முட்டைக்குப் படிவம் இல்ல."

முட்டையைப் பஞ்சு வைத்த ஒரு சிறு பெட்டியில் போட்டு, நூலால் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். தரையில் உட்கார்ந்து முட்டைக்கென்று ஒரு படிவமும் நிரப்பினார். பாலினக் கட்டம் வந்தபோது ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார்.

"அதை மட்டும் காலியா விடலாமா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"முட்டைக்கு விடலாம். சட்டத்துல இடமிருக்கு."

விசாரணை நான்காம் மாடியில் நடந்தது. நீள மேசை. ஒரு பக்கம் துணை இயக்குநரும் கவுண்டர்காரரும் மருத்துவரும்; எதிர்ப்பக்கம் கண்ணாடிக்காரர், டீச்சர், நடுவில் கூண்டு. துணை இயக்குநர் எழுந்து நின்று பேசினார்.

"இது ஒரு கிளி விஷயம்தானேன்னு வெளியில பேசிக்கறாங்க. நான் கேட்கறேன், எது கிளி? வெளிய பறந்துட்டிருந்தா அது பச்சையா ஒரு பொருள், அவ்வளவுதான். எங்க புத்தகத்துல ஏறின பிறகுதான் அது கிளி. நான் இந்த நாற்காலிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் நாற்பதாயிரம் பறவைகளுக்கு ஆண் பெண் சொல்லியிருக்கோம். ஒரு பறவையாவது வந்து இல்லைன்னு சொல்லியிருக்கா? மருத்துவரையே கேளுங்க."

மருத்துவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். துணை இயக்குநர் கையமர்த்திவிட்டுத் தொடர்ந்தார்.

"எங்களுக்கு யார்மேலயும் கோபம் இல்ல. பிழை இருக்கு, திருத்துங்கன்னு இந்த அம்மா எழுதினாங்க. நல்ல எண்ணம். ஆனா ஒண்ணைத் திருத்தினா என்ன ஆகும்? முன்னாடி போட்டதெல்லாம் சரிதானான்னு எல்லாரும் கேட்பாங்க. அப்புறம் நாங்க உட்கார்ந்து ஒவ்வொரு பறவையா பாத்துட்டிருக்கணும். பாக்கறதுக்காகவா ஒரு வாரியம் வச்சிருக்கு?"

இப்படியே வெகுநேரம் போயிற்று. துணை இயக்குநர் தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தில், கூண்டிலிருந்து அந்தக் குரல் தெளிவாக வந்தது.

"போதும், போங்க." பிறகு அந்தச் சின்னச் சிரிப்பு.

துணை இயக்குநர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தன் கழுத்தில் சுற்றியிருந்த துணியைத் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் கண்ணாடிக்காரர் எழுந்தார். முப்பது வருஷத்தில் அவர் ஓர் அதிகாரிக்கு முன்னால் கேட்காமல் வாய் திறந்தது அதுதான் முதல் முறை.

"ஐயா, அது இவங்க குரலுங்க. ஆபரேஷனுக்கு முந்தின குரல். இப்ப அது வேற எங்கயும் இல்ல, இந்தக் கிளிகிட்ட மட்டும்தான் இருக்கு. ஆணுன்னு எழுதிக்குங்க, பெண்ணுன்னு எழுதிக்குங்க, யானைன்னு வேணும்னாலும் எழுதிக்குங்க. எங்ககிட்ட விட்டுருங்க."

மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டார். கவுண்டர்காரர் பேனாவை மூடினார், திறந்தார். துணை இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மனம் இளகியவர் போலத்தான் இருந்தது.

"புரியுது சார். நானும் மனுஷன்தான். ஆனா குரல் இந்த வாரியத்தோட எல்லைக்குள்ள வராது. எங்களுக்கு ரெண்டு கட்டம்தான். குரலுக்குன்னு ஒரு கட்டம் இருந்திருந்தா நானே நின்னு நிரப்பிக் கொடுத்திருப்பேன்."

தீர்ப்பு அப்போதே தட்டச்சாகி வந்தது. பதிவு செய்யப்பட்ட ஆண் கிளி, முறையான உரிமம் உள்ளதால், உரிமையாளரிடமே தொடர்ந்து இருக்கும். பதியப்படாத பெண் கிளி காப்பகத்தில் சேர்க்கப்படும். கவுண்டர்காரர் ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்து, பெருவிரலால் அதில் நான்கு ஓட்டை குத்தினார்.

"கூண்டோட எடுத்துக்குங்க. அதுக்குப் பழகின கூண்டு" என்றார் கண்ணாடிக்காரர்.

"கூண்டு ஆணோடது சார். அதுல கைவைக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல."

வெறுங்கூண்டைத் தூக்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். வழியில் டீச்சர் நோட்டைத் திறக்கவில்லை. வீட்டுக்குள் வந்து, கூண்டை அதன் இடத்தில் மாட்டியபின், ஒரே ஒரு சொல் எழுதிக் காட்டினார்: "நான்தான்."

"விடுங்க டீச்சர்" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். பிறகு இரண்டு வாரம் அந்த வீட்டில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பேசக்கூடியவர் பேசவில்லை, பேச முடியாதவர் எழுதவில்லை. அவர் கடைக்குப் போய் வந்தார். எந்தக் குரலும் கேட்காமலே வாசற்கதவைப் போய்ச் சாத்தினார்.

மூன்றாம் வாரம் டீச்சர் வாரியத்தின் விதிமுறைத் தொகுப்பை வாங்கிவரச் சொன்னார். இருநூற்றுப் பதினான்கு பக்கம். எழுத்துப்பிழைகளைத் தொடாமல் வாசித்தார். பென்சிலால் மட்டும் அங்கங்கே சின்னப் புள்ளி வைத்துக்கொண்டே போனார். நான்காம் நாள் நோட்டு நீண்டது.

"விதி முப்பத்தொன்று. உரிமம் பெற்ற தனித்த ஆண் பறவை வைத்திருப்பவர், அதற்குத் துணையாகக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் பறவை கோரலாம். நம்மிடம் ஓர் ஆண் பறவை இருக்கிறது. அது தனியாக இருக்கிறது."

கண்ணாடிக்காரர் அதை மூன்று முறை வாசித்தார். பிறகு வெறுங்கூண்டைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"இருக்குதுதானே?" என்றார் மெதுவாக.

டீச்சர் தலையசைத்தார்.

விண்ணப்பத்தைக் கண்டதும் கவுண்டர்காரருக்குக் கண் கலங்கியே விட்டது. "பாவம் சார், அதுவும் தனியாத்தானே இருக்கும். நீங்க மனசு வச்சு எழுதியிருக்கீங்க" என்றார். விதிப்படி ஆணின் நிலையை நேரில் பார்க்க வந்தார். கூண்டுக்கு முன்னால் நின்றார். கண்ணாடிக்காரரும் நின்றார். காலியான ஊஞ்சல் கம்பி மெல்ல ஆடியது. உள்ளே ஒன்றும் இல்லை என்று எழுதினால் கோப்பை முதலிலிருந்து திறக்க வேண்டும். திறந்தால் முதல் கையெழுத்து அவருடையது.

"கூண்டு சுத்தமா இருக்கு" என்றார் கவுண்டர்காரர்.

"தினம் கழுவறோம்."

"தீனி மிச்சம் இருக்கு. அதிகம் சாப்பிடறதில்லையோ?"

"இல்லீங்க."

"கொஞ்சம் ஒதுங்கின சுபாவம்னு போட்டுக்கவா சார்?"

"போட்டுக்குங்க."

துணை கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. வாரத்துக்கு ஒரு தடவை கண்ணாடிக்காரர் போவார். "நாளைக்கு வாங்க" என்பார் கவுண்டர்காரர். காப்பகம் அந்தக் கவுண்டரின் பின்சுவரை ஒட்டித்தான் இருந்தது. கிளியைப் பார்க்க அனுமதி கேட்டபோது, அந்தப் பெண் பறவைக்கும் விண்ணப்பதாரருக்கும் எந்தத் தொடர்பும் பதிவில் இல்லை என்று பதில் வந்தது. ஆனால் வரிசையில் நிற்கும்போது, சுவரைத் தாண்டி, நாற்பது கிளிகளின் கூச்சலுக்கு நடுவில் அது கேட்கும்: "ஏங்க, கதவைச் சாத்துனீங்களா?"

"சாத்திட்டேன்" என்பார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் புருவத்தை உயர்த்துவார். இன்றைக்கு எத்தனை என்று கேட்பது அது. இவர் விரல்களை நீட்டிக் காட்டுவார். ஏழு. அடுத்த மாதம் நான்கு. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு சுவரைத் தாண்டி அந்தக் குரல் வரவில்லை. வேறு கவுண்டர்களில் ஆட்கள் பேசும் சத்தம்தான் கேட்டது. டீச்சரிடம் மட்டும் இவர் இரண்டு, மூன்று என்று விரல் காட்டிக்கொண்டிருந்தார்.

எட்டாம் மாதம் ஆணை வந்தது. 'ஏதேனும் ஒரு பெண் கிளி' என்று இருந்தது. காப்பகத்தின் கம்பிக் கதவைத் திறந்துவிட்டு, "எடுத்துக்குங்க சார். எல்லாமே பெண்ணுதான், எதை எடுத்தாலும் ஒண்ணுதான்" என்றார் கவுண்டர்காரர். கழுத்தில் அழகான வளையம் விழுந்த கிளிகள் அவற்றில் ஏழெட்டு இருந்தன.

கண்ணாடிக்காரர் உள்ளே போய் நின்றார். "வாயாடி" என்றார். "ஒம்பதேழு எவ்வளவு?" என்று கேட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு கிளி மூலையிலிருந்து பறந்து வந்து அவர் தோளில் இறங்கி, மூக்குக் கண்ணாடியின் காம்பைக் கொத்தி இழுத்தது. அந்த இழுப்பு அவருக்குத் தெரியும். வாசலுக்கு வந்ததும் பின்னாலிருந்து, "நாளைக்கு வாங்க" என்று குரல் கேட்டது. அவர் திரும்பி, "இல்லீங்க, கிடைச்சிடுச்சு" என்றார். கவுண்டர்காரர் வாயில் பேனா மூடியைக் கடித்தபடி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டில் டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். நோட்டு கையில் இல்லை. கிளி கூண்டுக்குள் போய், ஊஞ்சலில் ஏறி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஆண் குரலில், சற்று மூக்கடைப்போடு, "படிவம் எங்க?" என்றது. "சாப்பாட்டு நேரம். அப்புறம் பாக்கலாம்" என்றது.

டீச்சர் கூண்டுக் கம்பியருகே முகத்தைக் கொண்டுபோனார். அவர் உதடுகள் அசைந்தன. என்ன கேட்கிறார் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரிந்தது, ஒன்பதேழு. கிளி தலையைச் சாய்த்து அந்த உதடுகளையே ஒற்றைக் கண்ணால் பார்த்தது. மீண்டும் அசைந்தன. கிளி பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னது.

"நாளைக்கு வாங்க."

டீச்சரின் தோள்கள் குலுங்கின. கண்ணில் நீர் வரும்வரை குலுங்கின. சிரிக்கிறாரா என்று கண்ணாடிக்காரர் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் இல்லாததால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு வருஷம் காத்திருந்தார்கள். பழைய பதினொன்றில் ஒன்றும் திரும்பி வரவில்லை.

துணை இயக்குநர் பதவி உயர்ந்து இயக்குநர் ஆனார். இப்போது மீன்களும் வாரியத்தின் எல்லைக்குள் வந்திருக்கின்றன. மருத்துவர் வேலையை விட்டுவிட்டு வேறோர் ஊரில் பறவைகளைப் பார்க்கிறார். கவுண்டர்காரர் அதே கவுண்டரில் இருக்கிறார். முட்டை அரக்கு முத்திரையோடு கோப்பு அறையில் இருக்கிறது. பாலினம் இன்னும் முடிவாகவில்லை. ஆண் கிளியின் உரிமம் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கப்படுகிறது, ஆய்வுக் குறிப்பில் 'நலம்' என்று எழுதுகிறார்கள். கண்ணாடிக்காரர் கடைக்குப் போய் வருகிறார். டீச்சர் யாருடைய எழுத்தையும் இப்போது திருத்துவதில்லை. வாயாடி உயிரோடு இருக்கிறது. பதினாறு வாக்கியம் பேசுகிறது, எல்லாம் கவுண்டர்காரரின் குரலில். அதன் உரிமத்தில் பெண் என்று சரியாகப் போட்டிருக்கிறார்கள்.